நிலநடுக்கம்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடங்களிலும் கடலோர ஊர்களின் நூலகங்களிலும் நிலநடுக்கம் பற்றிப் பேசப் போனால், பேச்சு முடிந்த பிறகு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். குலசேகரத்தில் கேட்டதையே குளச்சலிலும் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை. ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லாமல் அந்தக் கேள்வியின் எண்ணைக் கொடுத்திருப்பதால், வரிசையாக வாசிப்பது நல்லது.

1. பூமி எதுக்கு சார் நடுங்குது? அடியில என்னதான் நடக்குது?

பூமியின் மேலோடு ஒரே பாளமாக இல்லை. பெரிதும் சிறிதுமாகப் பல தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. ஒவ்வொரு தட்டும் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்தியத் தட்டு வடகிழக்கே ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் போகிறது. இரண்டு தட்டுகள் உரசும் இடத்தில் பாறை வழுக்கிக்கொண்டே போவதில்லை, ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது. பிடித்த இடத்தில் பாறை வளைந்து முறுகி, பல பத்தாண்டுகள், சில இடங்களில் பல நூற்றாண்டுகள் இறுக்கத்தைச் சேர்த்து வைக்கிறது. இனித் தாங்காது என்ற கட்டத்தில் ஒரு பிளவு நெடுகச் சட்டென்று நழுவுகிறது. சேர்ந்திருந்த ஆற்றலில் ஒரு பங்கு அலைகளாகப் பாறைக்குள் பரவுகிறது. அந்த அலை நம் காலடியைக் கடக்கும்போது நாம் உணர்வதுதான் நிலநடுக்கம்.

நழுவல் தொடங்கிய இடம் குவியம். அதற்கு நேர் மேலே தரையில் இருப்பது மேல்மையம். செய்தியில் வரும் ஊர்ப்பெயர் மேல்மையத்துடையது. ஆனால் நழுவல் அந்தப் புள்ளியோடு நிற்பதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவின் மேற்கே தொடங்கியது, வடக்கே அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. ஓடி முடிக்கப் பத்து நிமிடம் போல ஆனது. 'பூமி அங்கே ஒரு இடத்தில் வெடித்தது' என்று நினைத்துக்கொண்டு படித்தால் பின்னால் வரும் பதில்கள் குழப்பும்.

2. நம்ம ஊரு பூரா பாறை பூமியாக்கும். இங்க வராதுன்னுல்லா சொல்லுதாவ?

வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அரிது, அவ்வளவுதான். மருந்துவாழ்மலையிலும் நம் குவாரிகளிலும் தெரிகிற பாறைகள் சார்னோக்கைட், கோண்டலைட் வகையைச் சேர்ந்தவை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. முதல் பதிலில் சொன்ன தட்டு விளிம்புகளில் நமக்குப் பெரிய கவலை தரும் அந்தமான்–சுமத்ரா விளிம்பு 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அதனால் ஜப்பான், நேபாளம் போல அடிக்கடி இங்கே ஆடுவதில்லை.

ஆனால் தட்டின் நடுப்பகுதியிலும் பழைய பிளவுகள் உண்டு. அவையும் எப்போதாவது அசையும். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவில் வந்தது தென்னிந்தியா முழுக்கத் தெரிந்தது. பக்கத்து இடுக்கியில் 1988-இல் 4.5, ஈராட்டுப்பேட்டைப் பக்கம் 2000 டிசம்பரில் 5, புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 2001 செப்டம்பரில் 5.5. இதையெல்லாம் விடப் பெரிய பாடம் மகாராஷ்டிரத்தின் லாத்தூர். அசையாத பூமி என்று நினைத்திருந்த இடத்தில் 1993 செப்டம்பர் 30 விடியற்காலை 6.2 அளவில் வந்து ஏறக்குறைய பத்தாயிரம் பேரைக் கொன்றது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன.

2002-இல் வந்த நிலநடுக்க வரைபடம் நாட்டை இரண்டு முதல் ஐந்து வரை நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. கேரளம் முழுவதும் மூன்றாம் மண்டலம். தமிழ்நாட்டில் இரண்டும் மூன்றும் மட்டுமே. நான்கும் ஐந்தும் எங்கும் இல்லை. வரைபடம் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், வீடு கட்டும்போது நடப்பில் உள்ள விதியைப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. பி அலை, எஸ் அலைன்னு பிள்ளைங்க பாடத்துல இருக்கு. நேர்ல எப்பிடி வித்தியாசம் தெரியும்?

நாகர்கோவில் ஜங்ஷனில் நிற்கும் வண்டியில் எஞ்சின் வந்து முட்டும்போது பார்த்திருப்பீர்கள். முதல் பெட்டி இரண்டாவதைத் தள்ளும், அது மூன்றாவதைத் தள்ளும், இடி கடைசிப் பெட்டி வரை போகும். பி அலை அப்படித்தான் பாறையை முன்னும் பின்னுமாக நெருக்கித் தள்ளிக்கொண்டு போகிறது. எஸ் அலை தான் போகும் திசைக்குக் குறுக்கே, பக்கவாட்டிலோ மேலும் கீழுமாகவோ, பாறையை ஆட்டிக்கொண்டு போகிறது. மேலோட்டுப் பாறையில் பி அலை வினாடிக்கு 6 கிலோமீட்டர் போல ஓடும். எஸ் அலைக்கு மூன்றரை. எனவே பி எப்போதும் முதலில் வரும்.

மையத்துக்கு ஓரளவு பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் 'டம்' என்று அடியிலிருந்து ஒரு தட்டு. ஜன்னல் கண்ணாடி கிலுங்கும். சில வினாடி கழித்து எஸ் வரும்போதுதான் ஆள் தள்ளாடுவதும், பீரோ சாய்வதும், சுவர் விரிவதும். இவை இரண்டுக்கும் பின்னால், பூமியின் மேற்பரப்பை ஒட்டியே நகரும் மேற்பரப்பு அலைகள் வரும். மெதுவானவை, ஆனால் தொலைதூரம் போனாலும் எளிதில் தளராதவை.

4. எங்க நடந்துச்சுன்னு கொஞ்ச நேரத்துல டிவில சொல்லிருதாங்களே, அது எப்பிடி?

பிக்கும் எஸ்ஸுக்கும் இடையே உள்ள நேர வித்தியாசத்தை வைத்துத்தான். நிலநடுக்கமானியில் பி பதிவான பிறகு எத்தனை வினாடி கழித்து எஸ் பதிவானது என்று பார்த்து, அதை எட்டால் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 20 வினாடி என்றால் சுமார் 160 கிலோமீட்டர். சில நூறு கிலோமீட்டர் வரை இந்தக் கணக்கு ஒத்து வரும். அதற்கு மேல் அலை பூமியின் ஆழத்துக்குள் வளைந்து போவதால் தனி அட்டவணை உண்டு.

ஒரு நிலையம் தூரத்தை மட்டும்தான் சொல்லும். அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து வட்டம் போட்டால், வட்டத்தின் மேல் எங்கு வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். இரண்டாவது நிலையத்தின் வட்டம் அதை இரண்டு இடங்களில் வெட்டும். மூன்றாவது வட்டம் எந்த இடம் என்று தீர்த்துவிடும். இப்போது கணினி நூற்றுக்கணக்கான நிலையங்களை ஒரே நேரத்தில் பார்க்கிறது, ஆனால் அடிப்படை இதுவே. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மூன்று பதிவுகளும் ஒரு காம்பஸும் கொடுத்தால் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

5. ரிக்டர் பத்து வரைக்கும்தானே? அப்ப ஒன்பதுன்னா நூத்துக்குத் தொண்ணூறு மார்க்கு மாதிரியா?

இல்லை. அதற்கு உச்சவரம்பு கிடையாது. பிளவின் நீளமும் பாறையின் வலிமையும்தான் வரம்பு. கருவியில் பதிந்தவற்றில் பெரியது 1960-இல் சிலி நாட்டில் வந்த 9.5. ஒரு எண் கூடினால் தரையின் ஆட்டம் பத்து மடங்கு பதிவாகும். வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. இரண்டு எண் கூடினால் ஆற்றல் ஆயிரம் மடங்கு. 1900-இல் கோவையில் வந்த 6-ஐயும் 2004-இல் வந்த 9.1-ஐயும் ஒப்பிட்டால், ஆற்றல் வித்தியாசம் நாற்பதாயிரம் மடங்குக்கு மேல்.

ரிக்டர் 1935-இல் கலிபோர்னியாவுக்காக அமைத்த முறை மிகப் பெரிய நிலநடுக்கங்களைச் சரியாக அளக்காது. இப்போது நழுவிய பரப்பு, நழுவிய தூரம், பாறையின் விறைப்பு மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் முறை நடப்பில் இருக்கிறது. நாம் வாய்ப்பழக்கத்தில் 'ரிக்டர்' என்கிறோம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

6. முதல்ல 6.8ன்னான், பெறவு 6.4ன்னான். எதையோ மறைக்காங்களோ?

மறைக்க ஒன்றும் இல்லை. முதல் எண் பக்கத்தில் இருக்கும் ஒரு சில கருவிகளை வைத்து அவசரமாகச் சொல்வது. தொலைவிலுள்ள நிலையங்களுக்கும் அலை போய்ச் சேர்ந்தபின் எண் திருந்துகிறது.

7. 2004-ல அவ்வளவு பெரிய நிலநடுக்கம். அண்ணைக்குக் காலம்பற நமக்கு ஒண்ணுமே தெரியலியே?

கடலோர ஊர்களில் கட்டாயம் வரும் கேள்வி இது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நழுவல் தொடங்கியது நம் நேரம் காலை 6 மணி 28 நிமிடம் 53 வினாடி. மேல்மையத்திலிருந்து கன்னியாகுமரி சுமார் 2,100 கிலோமீட்டர். பயண நேர அட்டவணைப்படி கணக்கிட்டால் பி அலை நம்மிடம் 6.33 வாக்கில் வந்திருக்கும், எஸ் அலை 6.37 வாக்கில். அடுத்த ஓரிரு நிமிடத்தில் மேற்பரப்பு அலைகள் வரத் தொடங்கியிருக்கும். அப்போது பலர் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

தரை ஆடியது, நன்றாகவே ஆடியது. இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையில் உள்ள கருவி, தரை சுமார் 9 சென்டிமீட்டர் ஏறி இறங்கியதைப் பதிவு செய்தது. நமக்கும் அதையொட்டிய அளவில்தான் இருந்திருக்கும். பிறகு ஏன் தெரியவில்லை? ஒரு முறை ஏறி இறங்க இருபது முப்பது வினாடி எடுத்துக்கொண்டால், உடம்பு அதை அசைவாகவே எடுத்துக்கொள்ளாது. படபடவென்று அடிக்கும் வேகமான அதிர்வுகளைத்தான் நாம் உணர்வோம், வீடும் அதற்குத்தான் விரியும். அந்த வேகமான அதிர்வுகளைப் பாறை வழியிலேயே தின்றுவிடுகிறது. இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து சேர்வது நீண்ட, மெதுவான ஆட்டம். சென்னையில் உயரமான கட்டிடங்களில் இருந்தவர்கள் சிலர் உணர்ந்தார்கள். உயர்ந்த கட்டிடம் மெதுவான ஆட்டத்துக்குத் தானும் சேர்ந்து ஆடும். அன்றைக்கு உலகில் ஒரு சென்டிமீட்டராவது அசையாத தரை எங்கும் இல்லை என்பது ஆய்வாளர்கள் கணக்கு.

இதில் நமக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது. பாறை வழியாக வந்த சேதி பத்து நிமிடத்துக்குள் நம்மை எட்டிவிட்டது. தண்ணீர் வந்து சேர மூன்று மணி நேரம் போல ஆனது. ஆழ்கடலில் 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டர் ஓடும், ஆனால் பாறை அலைக்கு முன்னால் அது ஆமை. இடைப்பட்ட அந்த மூன்று மணி நேரத்தில் எச்சரிக்கை சொல்ல இந்தியப் பெருங்கடலில் அன்றைக்கு ஒரு ஏற்பாடும் இல்லை. கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மணக்குடியிலும் போன உயிர்களை நினைத்தால் இதுதான் உறுத்துகிறது. ஹைதராபாத்தில் உள்ள சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில்தான் செயல்படத் தொடங்கியது.

8. கொளச்சல் மேற்கப் பாத்த கரை. குறுக்க இலங்கை வேற கிடக்கு. அங்கன எப்பிடி அடிச்சுது?

நல்ல கேள்வி. ஒளி போல நேராகப் போய் நிழல் விழுத்துகிற அலை இல்லை சுனாமி. அதன் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அவ்வளவு நீளமான அலை ஒரு தீவின் முனையைத் தாண்டும்போது வளைந்து பின்பக்கமும் போகும். அதோடு, ஆழம் குறைந்தால் அலையின் வேகமும் குறையும்: 4,000 மீட்டரில் 700 கிலோமீட்டர் ஓடியது, 50 மீட்டர் ஆழத்தில் 80 கிலோமீட்டராகிவிடும். கரைப் பக்கம் உள்ள பகுதி பிந்த, ஆழத்தில் உள்ள பகுதி முந்த, மொத்த அலையும் கரையை நோக்கித் திரும்புகிறது. நம் தெற்கே வாட்ஜ் பேங்க் என்ற மீன்பிடிப் பரப்பு இருக்கிறதே, அது பரந்த ஆழமற்ற மேடை. குமரி முனையைச் சுற்றி அலையை வளைத்ததில் அந்த மேடைக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று, கரையோர மேட்டில் மாட்டிய அலை அங்கேயே முன்னும் பின்னும் மோதிக்கொண்டு கரை நெடுக ஓடும். அதனால்தான் முதல் அலை போனதும் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது பெரிதாக இருக்கலாம், மணிக்கணக்கில் தொடரலாம். பக்கத்துப் பக்கத்து ஊரில் ஒன்று அழிந்து ஒன்று தப்பியதற்கும் காரணம் கடலடியின் வடிவமும், முகத்துவாரமும், கரை மேடும்தான். மணக்குடியில் பழையாற்று முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் உள்ளே பாய்ந்ததில் பாலமே பெயர்ந்து போனது.

9. 2012-லயும் 8.6ன்னு சொல்லி எல்லாரையும் ஓட விட்டாங்க. ஒண்ணும் வரலியே?

2012 ஏப்ரல் 11, மதியம் இரண்டு மணிக்கு மேல். சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் வந்தது, இரண்டு மணி நேரத்தில் 8.2 அளவில் இன்னொன்று. சுனாமி வர வேண்டுமானால் கடலடித் தரை மேலேயோ கீழேயோ பெயர்ந்து, மேலிருக்கும் மொத்த நீரையும் தூக்க வேண்டும். 2004-இல் நடந்தது அது: ஒரு தட்டு மற்றொன்றின் கீழே நுழையும் விளிம்பில், மேல் தட்டு துள்ளி எழுந்தது. 2012-இல் பாறைகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் உரசி நழுவின. தரை பக்கவாட்டில் போனால் நீர் அதிகம் எழும்பாது. எழும்பியது சிறிய அலை.

அளவு தெரிய சில நிமிடம் போதும். நழுவிய விதம் உறுதியாகத் தெரியக் கொஞ்சம் கூடுதல் நேரமும், கடலடி அழுத்தக் கருவிகளின் பதிவும் வேண்டும். அதுவரை காத்திருக்காமல் ஓடச் சொன்னது சரிதான். 'அண்ணைக்கும் இப்பிடித்தான் சொன்னாங்க' என்று அடுத்த முறை வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

10. கடல் உள்வாங்குனா சுனாமிதானே? தண்ணி வீட்டுக்குள்ள ஏறுதே, அதுக்கும் நிலநடுக்கந்தான் காரணமா?

நம் கரையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் கள்ளக்கடல். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அடித்த புயல்காற்றில் எழுந்த நீண்ட அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று வந்து ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். நிலநடுக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கள்ளக்கடல் அலை 15, 20 வினாடிக்கு ஒன்று வரும். சுனாமியில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும்.

ஓதம் இறங்கும்போதும் சில நாட்களில் கடல் வழக்கத்தைவிடப் பின்வாங்கிப் பாறைகள் தெரியும். அதை உடனே படம் எடுத்து 'சுனாமி வரப்போகுது' என்று போடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் சில நிமிடங்களில் கடல் வேகமாக இறங்கிப் போனால் யோசிக்க வேண்டாம், மேட்டுக்குப் போய்விடுங்கள். அப்புறம், சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கியே தீரும் என்பதும் தப்பு. சில கரைகளுக்கு முதலில் வருவதே உயரும் நீர்தான்.

11. ஆழ்கடல்ல தங்கல் போட்டிருக்க போட்டுக்கு சுனாமி தெரியுமா? கரைக்கு ஓடி வரணுமா?

வரவே கூடாது. தூத்தூர் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடல் போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 2004-இல் சுனாமி தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து நடுக்கடலில் அதன் உயரத்தைச் செயற்கைக்கோள் அளந்தது: சுமார் 60 சென்டிமீட்டர். அது நூறு கிலோமீட்டருக்கு மேல் பரந்த அலை என்பதால் விசைப்படகு அதன்மேல் ஏறி இறங்கியதே தெரியாது.

கரைக்கு வர வர வேகம் குறைந்து, பின்னால் வரும் நீர் முன்னால் இருப்பதன்மேல் ஏறி உயரம் கூடுகிறது. மிக மோசமான இடம் துறைமுக வாய். எச்சரிக்கை கேட்டபோது கடலில் இருந்தால் ஆழத்துக்குப் போங்கள். 100 பாகம், அதாவது 180 மீட்டர் ஆழம் போதுமானது என்பது பொதுவான கணக்கு. கரையில் கட்டிக்கிடக்கும் படகை எடுக்க ஓடுவது வேறு விஷயம். அதற்கு நேரம் இல்லையென்றால் படகை விட்டுவிட்டு ஆள் தப்ப வேண்டும்.

12. குவாரியில வெடி வச்சா எனக்க வீடு கிடந்து ஆடுது. அதும் நிலநடுக்கந்தானா? மலைய இப்பிடிப் பொளந்தா பெரிசா வருமா?

வெடியும் பாறைக்குள் அலையை அனுப்புகிறது, எனவே ஆடுவது உண்மைதான். பதிவைப் பார்த்தால் இரண்டும் வேறு என்று தெரிந்துவிடும். வெடி எல்லாப் பக்கமும் வெளியே தள்ளுவதால் சுற்றியுள்ள எல்லா நிலையங்களிலும் முதல் அசைவு மேல்நோக்கி இருக்கும். பி அலை ஓங்கியும் எஸ் அலை மெலிந்தும் இருக்கும். நிலநடுக்கத்தில் பாறை பிளவு நெடுக நழுவுவதால் சில நிலையங்களில் மேலே, சிலவற்றில் கீழே என்று தொடங்கும், எஸ் அலை ஓங்கியிருக்கும். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிக்கவும் இதே அடையாளங்கள் உதவுகின்றன.

பெரிய நிலநடுக்கத்தைக் குவாரி வெடி வரவழைக்காது. அது பல கிலோமீட்டர் ஆழத்தில் சேரும் இறுக்கம். வெடி மேலே சில மீட்டரைத் தொடுகிறது. அதற்காகக் குவாரிக்கு நற்சான்று கொடுக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் விரிசல், கிணறு வற்றுவது, மழையில் சரிவு இடிவது எல்லாம் நிஜமான பிரச்சினைகள். வெடி அதிர்வுக்கு வரம்பு உண்டு, தரை வினாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் ஆடுகிறது என்று அளக்கிற கருவியும் உண்டு. புகார் கொடுக்கும்போது 'நிலநடுக்கம் வரும்' என்று எழுதாமல், 'எங்கள் வீட்டு வாசலில் அதிர்வை அளந்து காட்டுங்கள்' என்று எழுதுங்கள். அதற்கு அவர்களால் மழுப்ப முடியாது.

13. பேச்சிப்பாறை நெறஞ்சா பாரத்துல பூமி ஆடும்னு ஒருத்தர் சொன்னாரே?

அவர் சொன்னது முழுக் கற்பனை இல்லை. மகாராஷ்டிரத்தில் 103 மீட்டர் உயர கொய்னா அணையில் நீர் தேங்கிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பரில் 6-க்கு மேற்பட்ட அளவில் நிலநடுக்கம் வந்தது. நீரின் பாரத்தைவிட முக்கியம், நீர் பிளவுகளுக்குள் இறங்கி அங்குள்ள பிடியைத் தளர்த்துவது. ஏற்கெனவே நழுவத் தயாராக இருக்கும் பிளவு அடியில் இருந்தால் மட்டுமே இது நடக்கும்.

பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பதினைந்து மீட்டர்கூட வராது. பெருஞ்சாணி 77 அடி. பேச்சிப்பாறை 1906 முதல் நிறைந்தும் வடிந்தும் வருகிறது. ஆபத்து இருக்கிற அணைகளின் வரிசையில் இதைச் சேர்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

14. எனக்க வீட்டுக்கடியில பாறை கிடக்கு. மச்சான் வயல நிரத்தி வச்சிருக்கான். யாருக்குப் பயம் கூடுதல்?

மச்சானுக்கு. இறுகிய பாறையில் ஓடிவரும் அலை இளகிய மண்ணுக்குள் நுழைந்ததும் வேகம் குறையும். அதே ஆற்றல் குறைந்த வேகத்தில் போக வேண்டியிருப்பதால் ஆட்டம் பெரிதாகும். 1985 செப்டம்பரில் மெக்சிகோ நகரம் இதற்குப் பெரிய சாட்சி. மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தும், பழைய ஏரிப் படுகையில் எழுந்த பகுதிகளில் கட்டிடங்கள் சரிந்தன, பாறை மேல் இருந்த பகுதிகள் தப்பின.

நாஞ்சில் நாட்டில் குளத்தையும் வயலையும் மண்ணடித்து வீடு கட்டியிருப்பது அந்த வகைதான். கடற்கரை மணல், அடியில் நீரும் நிறைந்திருந்தால், பலமான ஆட்டத்தில் குழம்பு போல இளகவும் செய்யும். நம் மாவட்டத்தில் பலமான ஆட்டம் அரிது என்று இரண்டாம் பதிலில் சொன்னது மச்சானுக்கும் பொருந்தும். நிலநடுக்கத்துக்கு முன்னால் மழைக்காலமே அவர் அஸ்திவாரத்தைச் சோதித்துவிடும்.

15. புது வீடு கட்டுதேன். எத்தன ரிக்டர் தாங்கும்னு கொத்தனார்ட்ட கேக்கணும்?

அப்படிக் கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. ரிக்டர் என்பது நழுவிய இடத்தில் வெளிப்பட்ட ஆற்றல். உங்கள் வீட்டுக்குத் தெரிவது தன் வாசலில் தரை எவ்வளவு ஆடுகிறது என்பது மட்டும். அது தூரம், ஆழம், 14-இல் சொன்ன மண் ஆகியவற்றைப் பொறுத்தது. 9.1 அளவில் வந்த 2004 ஆட்டத்தில் நம் வீட்டு ஓடுகூட நகரவில்லை, 6.2 அளவு லாத்தூரில் ஊர் தரைமட்டமானது. 'எட்டு ரிக்டர் தாங்கும்' என்று விளம்பரம் செய்கிற ஆளிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கேட்க வேண்டியவை வேறு. அஸ்திவாரத்துக்கு மேலும் ஜன்னலுக்கு மேலும் கான்கிரீட் பெல்ட் நான்கு சுவரையும் சுற்றி விடாமல் போகிறதா? பில்லர் கம்பியைச் சுற்றும் ரிங்கின் முனை எப்படி மடங்கியிருக்கிறது? பெரும்பாலான இடங்களில் செங்கோணமாக மடக்கி விட்டுவிடுகிறார்கள். ஆட்டத்தில் மேல்பூச்சு கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த முனை விரிந்துகொள்ளும், உள்ளே இருக்கும் கம்பி வெளியே புடைக்கும், பில்லர் அமுங்கிவிடும். முனையை 135 டிகிரிக்கு மடக்கி, பில்லரின் உள்ளே புதையும்படி விட வேண்டும். கம்பி கட்டுகிறவர் முனையைக் கொஞ்சம் கூடுதலாக வளைக்க வேண்டும், செலவு பெரிதாக ஒன்றுமில்லை. கான்கிரீட் போடுவதற்கு முன் நீங்களே போய்ப் பார்த்துவிடுங்கள், போட்டபின் பார்க்க முடியாது.

கார் நிறுத்தக் கீழ்த்தளத்தை வெறும் தூண்களில் நிறுத்தி மேலே சுவர் எழுப்பிய அடுக்குமாடிகள் இன்னொரு கவலை. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் விழுந்தவற்றில் அந்த வகைக் கட்டிடங்கள் நிறைய.

16. வாட்ஸப்புல தேதி போட்டு வருதே, முன்கூட்டியே சொல்ல முடியுமா? நாய் குரைச்சா வரும்ங்காவளே?

நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டியே சரியாகச் சொல்லும் வழி இன்றுவரை யாரிடமும் இல்லை. சீனாவில் 1975-இல் ஹைசெங் நகரை முன்பே காலி செய்து பலரைக் காப்பாற்றினார்கள். அடுத்த ஆண்டே தாங்ஷானில் எந்த அறிவிப்பும் இல்லாமல் லட்சக்கணக்கானவர்கள் இறந்தார்கள். தேதியோடு வரும் செய்தியை அழித்துவிடுங்கள். நாய்க்கும் காக்கைக்கும் தெரிவது பி அலை. நாம் கவனிக்காத அந்த முதல் தட்டு எஸ் வருவதற்குச் சில வினாடி முன்னால் அவற்றைக் கிளப்பிவிடுகிறது.

முன்னெச்சரிக்கை என்பது வேறு. நிலநடுக்கம் தொடங்கிய பிறகு, மையத்துக்குப் பக்கத்துக் கருவி பி அலையைப் பிடித்து, எஸ் அலையைவிட வேகமாக மின்னணு வழியில் தூரத்து ஊர்களுக்குச் சொல்வது. கிடைப்பது சில வினாடி, மிஞ்சினால் ஒரு நிமிடம். 2023 முதல் இந்தியாவில் ஆண்ட்ராய்டு போன்களிலும் இந்த வசதி இருக்கிறது. அமைப்புகளில் போய் அணைத்து வைக்காதீர்கள்.

17. குமரிக்கண்டம் நிலநடுக்கத்துலதானே முங்கிச்சு?

இதைக் கேட்காமல் எந்தக் கூட்டமும் முடிவதில்லை. பாறை அலைகளின் வேகத்தை வைத்து மேலோட்டின் தடிமனை அளக்கலாம். நம் காலடியில் கண்டப் பாறை 35 கிலோமீட்டருக்கு மேல் தடிமன். தெற்கே ஆழ்கடலுக்குப் போனால் அடியில் இருப்பது 7 கிலோமீட்டர் போல மெலிந்த எரிமலைப் பாறை. மூழ்கிய கண்டம் இருந்திருந்தால் அந்தத் தடித்த பாறை அங்கே கிடைக்க வேண்டும், கிடைக்கவில்லை. எவ்வளவு பெரிய நிலநடுக்கமும் தரையை ஒரே வீச்சில் சில மீட்டர்தான் தாழ்த்தும். கண்டம் முங்க கிலோமீட்டர் கணக்கில் தாழ வேண்டும்.

ஆனால் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இப்போதையதைவிட 120 மீட்டர் போலக் கீழே இருந்தது. வாட்ஜ் பேங்க்கின் ஆழம் குறைந்த பகுதிகள் அன்றைக்குத் தரை. பனி உருக உருகக் கடல் ஏறி அந்தத் தரை போனது. பழைய இலக்கியம் சொல்லும் கடல்கோளுக்கு மூலம் எது என்பதை இலக்கியம் படித்தவர்கள் பேசட்டும். நிலவியல் சொல்ல முடிவது இவ்வளவு.

18. எஸ் அலை தண்ணிக்குள்ள போகாதுன்னு புத்தகத்துல இருக்கு. அப்ப கடல்ல நிக்க போட்டுக்கு நிலநடுக்கம் தெரியவே தெரியாதா?

திரவத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் அது விலகிக்கொள்ளுமே தவிர திரும்பி இழுக்காது. அதனால் எஸ் அலைக்கு அங்கே வேலை இல்லை. பூமியின் நடுவே உருகிய பகுதி இருப்பதை இதை வைத்தே உறுதி செய்தார்கள்: ஒரு பெரிய நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் பூமியின் மறுபக்கத்தில் ஒரு பெரும் பரப்புக்கு நேராக வந்து சேர்வதே இல்லை. மையக்கரு என்று ஒன்று உண்டு என்பதை ஓல்டாம் 1906-இல் நில அதிர்வுப் பதிவுகளிலிருந்து காட்டினார். அவர் இந்தியாவில் நிலவியல் அளவைத் துறையில் இருந்தவர். அந்த உருகிய கருவுக்கு உள்ளேயும் இன்னொரு கரு இருப்பதை 1936-இல் இங்கெ லேமான் (Inge Lehmann) என்ற டென்மார்க் பெண்மணி கண்டுபிடித்தார்.

படகுக்கு வருவோம். எஸ் வராது, பி வரும். கடலடிப் பாறையிலிருந்து பி அலை நீருக்குள் ஏறி, வினாடிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தில் ஒலியாக மேலே வந்து படகின் அடியில் இடிக்கும். கப்பல்காரர்கள் பலர் பாறையில் தட்டிவிட்டதாக நினைத்து எஞ்சினை நிறுத்தியிருக்கிறார்கள். ஆழமான இடத்தில், அருகே கப்பலோ மரக்கட்டையோ இல்லாமல், படகு அப்படித் தடதடத்தால் வயர்லெஸ்ஸில் நேரத்தோடு சொல்லுங்கள். அதன் பிறகு செய்ய வேண்டியது 11-ஆம் பதிலில் இருக்கிறது.